ஊர்க் கபடி அணியில் பிள்ளைகளின் குணத்தை வளர்ப்பது எப்படி?

விளையாட்டு ஒழுக்கத்தையும் நாட்டுப்பற்றையும் தரும் என்று பரிசளிப்பு மேடைகளில் எல்லாரும் பேசுகிறார்கள். ஆடினாலே அது வந்துவிடாது. தினமும் எதைச் செய்ய வைக்கிறீர்களோ அதுதான் பிள்ளைகளிடம் ஒட்டும். வயதுச் சான்றிதழைத் திருத்திக்கொண்டு வந்த அணியும் இதே கபடியைத்தான் ஆடுகிறது. 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளைச் சேர்த்து அணி தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம்.

களத்திலிருந்து தொடங்குங்கள்

ஆண்கள் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பெண்கள் களம் 12-க்கு 8. தொடக்கத்தில் இரு பாலருக்கும் சிறிய அளவே போதும். அதில் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டரில் பால்க் கோடு (பாடிப் போகிறவர் கடந்தாக வேண்டிய கோடு), அங்கிருந்து 1 மீட்டர் தள்ளி, கூடுதல் புள்ளிக்கான போனஸ் கோடு. இருபுறமும் 1 மீட்டர் லாபி, அதாவது தொட்ட பிறகே மிதிக்கக்கூடிய பக்கப் பட்டை.

மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்திச் சலியுங்கள். ஓட்டுச் சில்லும் கண்ணாடித் துண்டும் மேல்மண்ணில்தான் ஒளிந்திருக்கும். மணலும் மரத்தூளும் கலந்து சமப்படுத்தி, பயிற்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பு தண்ணீர் தெளியுங்கள். அதிகம் நனைந்தால் கால் வழுக்கித் தொடை இடுக்கில் சதை பிடிக்கும். காய்ந்து கிடந்தால் முட்டியும் முழங்கையும் உரியும். கோட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணையும் சிராய்ப்பையும் எரிக்கும். கோலமாவு போதும்.

தண்ணீர் தெளிப்பது, கோடு போடுவது, களத்தைப் பெருக்குவது மூன்றுக்கும் முறை வைத்து, பெயர்களைப் பலகையில் எழுதுங்கள். அணியின் சிறந்த ரைடருக்கும் (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகிறவர்) அந்த முறை உண்டு. இங்கேதான் பல அணிகள் தவறுகின்றன. நன்றாகப் பாடிப் போகும் பையனுக்கு முதல் மாதத்திலேயே சலுகை கொடுக்கிறார்கள். இரண்டாம் ஆண்டில் அவன் பயிற்சிக்குத் தாமதமாக வருவான், கேட்க யாராலும் முடியாது.

தெருவைக் கலையுங்கள்

நம் ஊர்களில் அணிகள் பெரும்பாலும் தெருவாரியாகத்தான் அமைகின்றன. தெரு என்றால் என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆகவே திங்கட்கிழமைதோறும் சீட்டுக் குலுக்கிப் பயிற்சி அணிகளைப் பிரித்துவிடுங்கள். ஒரு பையன் இடது கார்னரில் நிற்கிறான் என்றால், பக்கத்தில் கைகோத்து நிற்பவன் வாராவாரம் மாற வேண்டும். சங்கிலி போட்டு ரைடரை மடக்கும்போது பக்கத்துக் கையை நம்பாமல் முடியாது. அந்த நம்பிக்கை கையால் பழகுவது, உரையாற்றி வருவதில்லை. தண்ணீர்க் குடமும் டம்ளரும் பொதுவாக இருக்கட்டும். இதில் பெற்றோர் யாராவது முகம் சுளித்தால் அன்றே பேசித் தீர்த்துவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு நாள் பயிற்சி, 90 நிமிடம்

வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் 15 நிமிடம் மெதுவோட்டம், வாத்து நடை, கரடி நடை, உட்கார்ந்து எழுதல். அடுத்த 20 நிமிடம் மூச்சும் காலும். ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்க, மற்றவர் 30 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டி, பால்க் கோட்டைக் கடந்து திரும்ப வேண்டும். தொடாத ரைடர் பால்க் கோட்டைக் கடக்காமல் திரும்பினால் அவுட். 'கபடி' என்ற சொல் நடுக்கோட்டைத் தாண்டும் முன்பே தொடங்கி, நடுவர் காதில் விழும்படி, மூச்சு விடாமல் வர வேண்டும். புதியவர்கள் முதல் பத்து விநாடியிலேயே கத்தித் தீர்த்துவிட்டுப் பிறகு முணுமுணுப்பார்கள். சீரான குரலில் பாடப் பழக்குங்கள். பதற்றம் முதலில் குரலில்தான் தெரியும். குரலைப் பிடித்து நிறுத்தக் கற்றவன் காலையும் பிடித்து நிறுத்துவான்.

பிறகு 25 நிமிடம் பிடி. கணுக்கால் பிடி, தொடைப் பிடி, டேஷ் (ரைடரை மோதி வெளியே தள்ளுவது) என்ற வரிசையில், முதல் மாதம் பாதி வேகத்தில் மட்டும். கைகோக்கும்போது விரலுக்குள் விரல் கோக்க விடாதீர்கள், இழுபறியில் விரல் முறியும். உள்ளங்கையோடு உள்ளங்கை பற்றட்டும். கணுக்கால் பிடியில் தலை ரைடரின் முட்டிக்கு நேரே போகாமல் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். ரைடரின் வாயை அடைப்பது, கால்களால் கத்தரிபோட்டுப் பிடிப்பது, முடியை இழுப்பது எல்லாம் தவறு. பயிற்சியிலும் அதைச் செய்தவரை 2 நிமிடம் வெளியே உட்கார வையுங்கள். போட்டியில் மஞ்சள் அட்டைக்கும் அதே 2 நிமிடம்தான். நகம் வெட்டாமல் வந்தால் அன்று களம் இல்லை.

கடைசி 30 நிமிடம் ஆட்டம். அதில் முதல் 10 நிமிடத்துக்கு நடுவர் வேண்டாம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தொடுபட்டவர் தானே கையைத் தூக்கிவிட்டு வெளியேற வேண்டும். கபடியில் தொட்டது தொட்டவருக்கும் பட்டவருக்கும் மட்டுமே தெரிகிற தருணங்கள் நிறைய. கால் நுனி உரசல், சட்டை நுனியில் பட்ட விரல். முதல் இரண்டு வாரம் சண்டை வரும், ஆட்டம் நின்று நின்று போகும். நீங்கள் உள்ளே போய்த் தீர்ப்புச் சொன்னால் பழக்கம் கெட்டது. பேசி முடிக்கும்வரை ஆட்டத்தை நிறுத்தி வையுங்கள், கடிகாரம் ஓடட்டும். ஆடும் நேரம் வீணாகிறது என்று பிள்ளைகளுக்கே உறைக்கும். தானாகக் கை தூக்கியவரைக் கைதட்டிப் பாராட்ட வேண்டாம். அது இயல்பான காரியமாக இருக்கட்டும்.

அவுட் ஆனவர்கள் வந்த வரிசையில் உட்கார வேண்டும். சக வீரர் எடுக்கும் புள்ளியால் அதே வரிசையில்தான் உயிர் பெற்று உள்ளே போவார்கள். வெளியே இருப்பவருக்கும் வேலை கொடுங்கள்: ஒருவர் விநாடி எண்ணட்டும், இன்னொருவர் எதிரணியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று சொல்லட்டும். ஆறு பேருக்குக் குறைந்தால் போனஸ் கிடையாது என்பதால் அந்த எண்ணிக்கை ரைடருக்குத் தேவை.

வயது, எடை, பெண் பிள்ளைகள்

வயதை ஒரு முறை திருத்தினால் கை தூக்கும் பழக்கமெல்லாம் அன்றோடு போயிற்று. பிள்ளைக்குத் தெரிந்தே அப்பாவும் பயிற்சியாளரும் பொய் சொல்கிறார்கள், அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பிறப்புச் சான்றிதழின் நகலைச் சேர்க்கும் நாளிலேயே வாங்கி வையுங்கள். எடைப் பிரிவுக்காகப் பட்டினி போடுவதும் தண்ணீரை நிறுத்துவதும் கூடாது. மயங்கி விழுவதும் தசைப்பிடிப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி இருட்டுவதற்குள் முடிய வேண்டும், பக்கத்தில் பூட்டுப் போடக்கூடிய கழிப்பறை வேண்டும். இந்த இரண்டும் இல்லாமல், பெண்கள் பாதியில் நின்றுவிடுகிறார்கள் என்று குறைப்பட நியாயமில்லை. 2025-இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண் ஒருவர் ஆடினார்.

நாட்டுப் பெருமையைச் சொல்லிக்கொடுக்கும் முறை

கபடி 1990-இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுக்குள் வந்தது. அன்றிலிருந்து 2014 வரை ஆண்கள் தங்கம் ஏழு முறையும் இந்தியாவுக்கே. 1994 ஹிரோஷிமா அணியில் தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் ஆடினார். இதைச் சொல்லுங்கள். ஆனால் இதோடு நிறுத்தினால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வெறும் மார்தட்டல்.

அடுத்த வகுப்பில் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டின் காணொளியைப் போட்டுக் காட்டுங்கள். ஆண்கள் குழு ஆட்டத்தில் தென் கொரியா இந்தியாவை 24-23 என்று வென்றது. அரையிறுதியில் ஈரான் 27-18. பெண்கள் இறுதியிலும் ஈரானே, 27-24. அந்த ஈரான் பெண்கள் அணியின் பயிற்சியாளர் நம் நாட்டு ஷைலஜா ஜெயின். இதைக் கேட்டதும் பிள்ளைகள் 'துரோகம்' என்பார்கள். அவசரப்பட்டு மறுக்காதீர்கள். ஆட்டம் வளர்ந்தால் யாருக்குப் பெருமை, வங்கதேசத்தின் தேசிய விளையாட்டும் கபடிதானே, நாம் மட்டுமே ஜெயிக்கும் ஆட்டத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களே பேசட்டும். ஈரான் வீரர்கள் எப்படிப் பிடித்தார்கள் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டுங்கள். எதிரணியிடம் கற்கிற பணிவு அங்கே தொடங்கும்.

பிறகு 2023 அக்டோபரில் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டி. லாபி விதி பற்றிய வாக்குவாதத்தில் ஆண்கள் இறுதி நீண்ட நேரம் நின்றது. முடிவில் இந்தியா ஈரானை 33-29 என்று வென்றது. பெண்கள் சீன தைபேயை 26-25 என்று வென்றார்கள். அந்த வாக்குவாதத்தைத் தவிர்க்காமல் காட்டி, நடுவரிடம் யார் பேசலாம் என்று கேளுங்கள். உங்கள் அணியில் தலைவர் மட்டும் பேசட்டும். பார்வையாளர் பக்கம் நிற்கும் மாமா, சித்தப்பா யாரும் கோட்டுக்குள் வரக்கூடாது என்பதையும் போட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

தோற்ற மறுநாள்

தோற்ற அன்று எதுவும் பேசாதீர்கள். எதிரணியிடம் கைகொடுத்து, சாப்பிட வைத்து, வீட்டில் விடுங்கள். மறுநாள் ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுதட்டும்: நான் விட்ட பிடி எது, ஏன் விட்டது. 'நடுவர் சரியில்லை' என்று எழுதியவரிடம் நோட்டைத் திருப்பிக் கொடுத்து, தன் கால் எங்கே இருந்தது என்று எழுதச் சொல்லுங்கள். அந்தப் பிடியை மட்டும் இருபது முறை பாதி வேகத்தில் செய்ய வைத்த பிறகு ஆட்டத்துக்குப் போகலாம். அதற்கு முன், வழக்கமான நேரத்தில் களத்துக்குத் தண்ணீர் தெளித்தாக வேண்டும். யார் முறை என்பது பலகையில் இருக்கும்.