கிராணியின் எக்ஸெலில் இருந்து ஃபங்ஷனல் புரோகிராமிங் பழகுவது எப்படி?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் மாமா கிராணி, அதாவது கணக்கு எழுதுபவர். மாதக் கடைசியில் அறுவடைக் கணக்கை ஓர் எக்ஸெல் ஃபைலில் போடுவார். "நான் ஏதோ ஃபார்முலா போடுறேன், புரோகிராமிங் எல்லாம் உன்ன மாதிரி ஆளுங்க வேலடா" என்பார். ஒட்டுக்கடையில் தே தாரிக்கோடு உட்காரும் என் நண்பர்களும் இதையேதான் வேறு மாதிரி சொல்வார்கள்: ஒருவனுக்கு எக்ஸெல் புரோகிராமிங்கே இல்லை, இன்னொருவனுக்கு ஹாஸ்கெல் என்ற ஃபங்ஷனல் மொழி தெரியாதவன் புரோகிராமரே இல்லை. மூன்று பேர் சொல்வதும் தப்பு. ஃபங்ஷனல் புரோகிராமிங், அதாவது இருக்கும் மதிப்பை மாற்றாமல் ஃபங்ஷன்களாலேயே கணக்கிடும் பாணி, பழக வேண்டுமென்றால் மாமாவின் ஃபைலிலேயே தொடங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு வரிசையைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் எடை, இன்னொன்றில் டன்னுக்கான கூலி, மூன்றாவதில் இரண்டையும் பெருக்கும் ஃபார்முலா. அந்த ஃபார்முலா எடைக் கட்டத்தைப் படிக்கும், ஆனால் மாற்றாது, மாற்ற அதற்கு வழியே இல்லை. கூலியைத் திருத்தினால் சம்பந்தப்பட்ட எல்லாம் தானாகக் கணக்காகிவிடும், எதை முதலில் போடு, எதைப் பிறகு போடு என்று மாமா ஒரு நாளும் சொன்னதில்லை. ஃபங்ஷனல் ஆட்கள் தலைகீழாக நின்று விளக்கும் விஷயத்தில் முக்கால்வாசி இவ்வளவுதான். ஹாஸ்கெலை வடிவமைத்தவர்களில் ஒருவரான சைமன் பெய்டன் ஜோன்ஸே, எக்ஸெலில் பயனரே ஃபங்ஷன் எழுதிக்கொள்வது பற்றி 2003இல் வேறு இருவரோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்தான். அப்படிச் சொந்த ஃபங்ஷன் எழுத உதவும் லேம்ப்டா எக்ஸெலுக்கு வரப்போவதாக 2020 டிசம்பரில் அறிவிப்பும் வந்தது.

சரி, இப்போது பைத்தான் மொழிக்கு வாருங்கள். நான்கு எடைச் சீட்டு இருக்கிறது என்று வையுங்கள்: 1.2 டன், 0, 1.5, 0.8. டன்னுக்கு 45 வெள்ளி. பைத்தானின் ஃபில்டர் அந்த 0 சீட்டைத் தள்ளிவிடும். மேப் மீதி மூன்றையும் 45ஆல் பெருக்கித் தரும், அதை லிஸ்ட்டில் போட்டால் 54, 67.50, 36 என்று புதுப் பட்டியல். சம் கூட்டினால் 157 வெள்ளி 50 காசு. பழைய சீட்டுப் பட்டியல் அப்படியே இருக்கிறது, சந்தேகம் வந்தால் எந்தப் படியில் பிசகியது என்று நடுவில் நிறுத்திப் பார்க்கலாம்.

ஏன் இந்த வம்பு, ஒரு லூப் போட்டு மொத்தத்தில் கூட்டிக்கொண்டே போனால் ஆகாதா? ஆகும். நானும் அப்படித்தான் ஜுப்பிட்டரில் எழுதினேன் (புரோகிராமைச் செல் செல்லாகப் பிரித்துத் தனித்தனியாக ஓட்டும் இடம் அது), மொத்தத்தை 0 ஆக்கும் வரி மேலே ஒரு செல்லில், லூப் கீழே வேறு செல்லில். கீழ் செல்லை மட்டும் இரண்டு தடவை ஓட்டிவிட்டேன். ஒரு பிளாக்கின் கூலி அப்படியே இரட்டிப்பு. மாமா திரையைக்கூடப் பார்க்கவில்லை, தொகையை வாயால் சொன்னதுமே "அந்த பிளாக்குல அவ்வளவு காய் இல்லையேடா" என்று சிரித்தார். அன்றைக்குத்தான் மாறிக்கொண்டே இருக்கும் மதிப்பு மீது எனக்குப் பயம் வந்தது. ஆகவே மொத்தத்தை வெளியே வைத்துத் திருத்தாதீர்கள். பட்டியலும் கூலியும் உள்ளே போய்த் தொகை வெளியே வரும் ஒரு ஃபங்ஷனாக எழுதுங்கள். எத்தனை தடவை ஓட்டினாலும் அதே 157.50தான்.

ஃபைலைத் திறப்பது, சம்பளச் சீட்டை அச்சடிப்பது இதெல்லாம் வெளியுலகத்தைத் தொடும் வேலை, தவிர்க்க முடியாது. திறப்பதை முதலிலும் அச்சடிப்பதைக் கடைசியிலும் வைத்துவிட்டு நடுவில் கணக்கை மட்டும் விடுங்கள். இந்த வெளியுலக வேலைகளை ஃபங்ஷனல் முறையிலேயே அடுக்கப் பயன்படும் மோனாட் பற்றி இப்போது யாராவது ஆரம்பித்தால் இன்னொரு தே சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுங்கள், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் புது ஃபேஷன்" என்கிறவனுக்கு: ஃபங்ஷனல் பாணிக்கு முன்னோடியான லிஸ்ப் மொழி 1958இல் தொடங்கியது. லூப் எழுத நமக்கெல்லாம் வழிகாட்டிய ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய குழுவின் தலைவர் ஜான் பேக்கஸ், 1977இல் டூரிங் விருது வாங்கிய உரையிலேயே அந்தப் பாணியில் இருந்து வெளியே வர வேண்டும் என்று வாதாடினார்.

அதற்காக எல்லாவற்றையும் ரிக்கர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில், எழுதிக் காட்டாதீர்கள். பைத்தானில் அதன் ஆழம் வழக்கமாக 1000தான். ஒரு சீட்டுக்கு ஒரு அழைப்பு என்று எழுதினால், மாமாவின் ஒரு மாதச் சீட்டுகளில் பாதிகூடத் தாண்டாது.