போர்டுல டெம்பரேச்சர் சென்சார் எதுன்னு தேடும்போது நடக்கற தப்புங்க

ஏசி, இண்டக்ஷன் ஸ்டவ், யுபிஎஸ், லேப்டாப், பேட்டரி பேக் எதைத் திறந்தாலும் உள்ள எங்கயாவது ஒரு டெம்பரேச்சர் சென்சார் உக்காந்திருக்கும், ஆனா அதைக் காட்டுன்னா நெறைய பேர் வேற எதையோ காட்டுவாங்க. பாதி தப்பு ஆளோடது இல்ல, பார்ட்டோட உருவத்தோடது. டயோடு மாதிரி ஒரு சென்சார், டிரான்சிஸ்டர் மாதிரி ஒண்ணு, கெபாசிட்டர் மாதிரி ஒண்ணு, போதாததுக்கு சூட்டை அளக்கறதுக்குன்னே வைக்காத ஒரு தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏத்த மாதிரி ரெசிஸ்டன்ஸ் மாறற பார்ட்டு) வேற. அதனால உருவத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க, இந்த போர்டுக்கு எந்த இடத்து சூட்டைத் தெரிஞ்சுக்கணும்னு மொதல்ல யோசிங்க, அந்த இடத்துலேருந்து வயரைப் புடிச்சிட்டு வாங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சுது.

எல்லாரும் மாட்டற எடம் கரண்ட் உள்ள வர்ற பக்கம். ஃபியூஸுக்குப் பக்கத்துல வட்டமா, கருப்பாவோ கரும்பச்சையாவோ ஒரு டிஸ்க் நிக்கும், போர்டுல என்டிசின்னே (சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் கொறையற தெர்மிஸ்டர்) பிரிண்ட் பண்ணியிருப்பான். உடனே "சென்சார் கெடச்சிருச்சு"ன்னு கழட்டிடறாங்க. அது என்டிசிதான், ஆனா சூட்டை அளக்கற வேலை அதுக்கு இல்ல, சுவிட்ச் போட்ட நொடியில பெரிய கெபாசிட்டர் இழுக்கற கரண்டை அடக்கறதுதான் அதோட வேலை. 5டி-11னு போட்டிருந்தா 25 டிகிரியில 5 ஓம்ஸ், 11 மில்லிமீட்டர் அகலம்னு அர்த்தம். சூடாக சூடாக ரெசிஸ்டன்ஸ் இன்னும் கொறஞ்சு ஒரு ஓமுக்கும் கீழ போயிடும். அந்த எடத்துல 10 கே (10,000 ஓம்ஸ்) சென்சாரைப் போட்டா சப்ளையே எழுந்திருக்காது.

இதுலயே இன்னொரு குழி இருக்கு. 10டி-9ங்கறது அந்த மாதிரி என்டிசி, 10டி471ங்கறது எம்ஓவி, அதாவது வோல்டேஜ் எகிறினா தாங்கிக்கறதுக்கு வச்சது. மொதல்ல இருக்கற 10 ஒண்ணுல ஓம்ஸ், இன்னொண்ணுல மில்லிமீட்டர்! கலரை நம்பாதீங்க, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கனெக்ஷனைப் பாருங்க. மெயின் லைன்லயே சீரிஸா நின்னா இன்ரஷ் என்டிசி (சுவிட்ச் போட்டதும் பாயற கரண்டை அடக்கறது), லைனுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்க நின்னா எம்ஓவி. நெஜமான சென்சார் வேற மாதிரி நிக்கும். ஒரு கால் 5 வோல்ட்டுக்கோ கிரவுண்டுக்கோ போகும், இன்னொரு கால் ஒரு சாதா ரெசிஸ்டரைத் தொட்டுட்டு, பக்கத்துல ஒரு குட்டி கெபாசிட்டரோட, நேரா மைக்ரோகண்ட்ரோலர் பின்னுக்குப் போகும். இந்த அமைப்பு கண்ணுக்குப் பழகிடுச்சுன்னா பேரே எழுதலன்னாலும் கண்டுபுடிச்சிடலாம்.

நம்பரும் ஏமாத்தும். 103னு போட்ட துளி மாதிரி பார்ட்டு தெர்மிஸ்டரா இருந்தா 10 கே, செராமிக் கெபாசிட்டரா இருந்தா 10 நானோஃபாரட். மீட்டரை ஓம்ஸ்ல வச்சா கெபாசிட்டர் ஓப்பன் (கனெக்ஷனே இல்லாத மாதிரி) காட்டும், தெர்மிஸ்டர் ஒரு வேல்யூ காட்டும், அவ்ளோதான் வித்தியாசம். எஸ்எம்டியா (போர்டு மேலயே ஒட்டற குட்டி பார்ட்டா) இருந்தா அந்த நம்பர்கூட பல சமயம் இருக்காது, அப்போ பக்கத்துல ஆர்டி, டிஎச், என்டிசின்னு ஏதாவது பிரிண்ட் இருக்கான்னு பாக்கணும், அதையும் முழுசா நம்பக்கூடாது.

கண்ணாடி டைப் அடுத்த குழப்பம். இண்டக்ஷன் ஸ்டவ்ல காயிலுக்கு நடுவுல, மேல் கண்ணாடியை ஒட்டி, வெள்ளை பேஸ்ட் தடவி ஒரு சின்ன கண்ணாடி பார்ட் இருக்கும், பெரும்பாலும் 100 கே. பாக்கறதுக்கு அச்சு அசல் 1என்4148 டயோடு. டயோடுல ஒரு ஓரம் கருப்பு கோடு இருக்கும், சென்சார்ல இருக்காது. சந்தேகமா இருந்தா ஒரு காலைத் தூக்கிட்டு டயோடு மோடுல பாருங்க, டயோடு ஒரு பக்கம் 0.6 வோல்ட் கிட்ட காட்டி மறுபக்கம் ஓப்பன் காட்டும். சென்சாரை ஓம்ஸ்ல வச்சு புரோபை மாத்தி மாத்திப் புடிச்சாலும் ஒரே வேல்யூதான். இன்னொரு சென்சார் ஐஜிபிடி (காயிலை ஓட்டற பவர் டிரான்சிஸ்டர்) ஹீட்சிங்க்கை ஒட்டியிருக்கும், அதை மறந்துட்டு மேல இருக்கறதை மட்டும் மாத்திட்டு எரர் போகலன்னு மண்டையைப் பிச்சுக்கறவங்க உண்டு.

இண்டக்ஷன்னு சொன்னதால ஒண்ணு. அந்த போர்டுல 5 வோல்ட் கிரவுண்டு மெயின்லேருந்து பிரிஞ்சு இருக்காது, நேராவே தொடர்புல இருக்கும். "5 வோல்ட்தானே"ன்னு பிளக் சொருகியிருக்கும்போது சென்சார் காலைத் தொட்டா ஷாக் அடிக்கும். இன்வெர்ட்டர் ஏசி அவுட்டோர் போர்டுல பிளக்கைப் புடுங்கின பிறகும் பெரிய கெபாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல நிக்கும், அதை மீட்டர்ல பாத்துட்டுத்தான் கை வைக்கணும்.

இப்போ அளக்கறதுல நடக்கற கூத்து. 10 கேங்கறது 25 டிகிரியில உள்ள கணக்கு. மே மாசம் சென்னையில ரூமே 35 டிகிரி, அப்போ பீட்டா (சூட்டோட ரெசிஸ்டன்ஸ் எவ்ளோ வேகமா மாறும்னு சொல்ற நம்பர்) 3950 உள்ள நல்ல சென்சார் கிட்டத்தட்ட 6.5 கேதான் காட்டும். "10 கே இல்ல, போயிடுச்சு"ன்னு நல்ல சென்சாரைக் குப்பையில போட்டுட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடறாங்க, வாங்கிட்டு வந்த புதுசும் அதே 6.5 காட்டும், அப்புறம் கடைக்காரரோட சண்டை! விரல்ல புடிச்சு வேல்யூ மாறுதான்னு பாக்கற டெஸ்டும் அந்த வெயில்ல சரியா வேலை செய்யாது, ஏன்னா விரல் சூடும் ரூம் சூடும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒரு டம்ளர் ஐஸ் தண்ணியில முனையை மட்டும் வைங்க, நல்லா கலக்கி ஐஸ் மெதந்துட்டு இருக்கும்போது இந்த 3950 சென்சார் 30 கேக்கு மேல ஏறணும். 100 கே சென்சாரை அளக்கும்போது ரெண்டு புரோபையும் ரெண்டு கையாலயும் அழுத்திப் புடிச்சா உங்க ஒடம்பு ரெசிஸ்டன்ஸும் கணக்குல சேந்துடும், அதுவும் வேர்வைக் கையா இருந்தா கேக்கவே வேணாம். போர்டுல இருக்கும்போதே அளக்கறதும் வேஸ்ட், பக்கத்து ரெசிஸ்டர் சேந்து கொறச்சுக் காட்டும். ஒரு கால் வெளிய வரணும் இல்ல கனெக்டரைக் கழட்டணும்.

பீட்டாவை யாருமே கேக்கறதில்ல. 3950னும் இருக்கு, 3435னும் இருக்கு, ரெண்டும் 25 டிகிரியில 10 கேதான் காட்டும், ஆனா ஏசி காயில் 5 டிகிரிக்கு எறங்கும்போது ஒண்ணு 26 கே பக்கம், இன்னொண்ணு 23 கே பக்கம். 3435க்கு எழுதின போர்டுல 3950 போட்டா 5 டிகிரியை அது 2 டிகிரின்னு நெனைச்சுக்கும், ஐஸ் கட்டப்போகுதுன்னு பயந்து கம்ப்ரஸரை சீக்கிரமே நிறுத்திடும். சென்சார் மாத்தினதுலேருந்து கூலிங் பத்தலைன்னு வர்ற கம்ப்ளெயிண்ட்ல இதையும் பாக்கணும்.

மூணு கால் பார்ட்டுன்னா எழுத்தைப் படிச்சே ஆகணும், வேற வழி இல்ல. எல்எம்35, டிஎஸ்18பி20 ரெண்டும் சென்சார், பிசி547 டிரான்சிஸ்டர், டிஎல்431 வோல்டேஜ் ரெஃபரன்ஸ், ஆனா எல்லாமே ஒரே கருப்பு அரைவட்டம். தட்டைப் பக்கம் நம்மளப் பாத்திருந்தா எல்எம்35ல இடது கால் சப்ளை, டிஎஸ்18பி20ல இடது கால் கிரவுண்டு. மாத்திப் போட்டா ரிவர்ஸ் சப்ளை, கை வச்சா சுடும். எல்எம்35 டிகிரிக்கு 10 மில்லிவோல்ட், 30 டிகிரியில 300 மில்லிவோல்ட் வரணும், அதை செக் பண்றது சுலபம். டிஎஸ்18பி20 டிஜிட்டல், மீட்டர் வச்சு ஒண்ணும் தெரியாது, 85 டிகிரின்னே காட்டிட்டு இருந்தா அங்க நெஜமா 85 இருக்குன்னு நெனைக்காதீங்க, கரண்ட் வந்ததும் அதுக்குள்ள இருக்கற ஆரம்ப வேல்யூ அது, பெரும்பாலும் அளக்க விடாம சீக்கிரமே படிச்சிருப்பீங்க, இல்ல சப்ளை சரியா வந்திருக்காது. லேப்டாப் மதர்போர்டுல சாதா 3904 டிரான்சிஸ்டரையே சென்சாரா வைக்கறான், தேவையில்லாத பார்ட்டுன்னு எடுத்துட்டா ஃபேன் ஃபுல் ஸ்பீடுல கத்தும்.

சென்சார் எரர் வந்தா சென்சார்தான் போச்சுன்னும் இல்ல. 10 கே சென்சார் வர்ற கனெக்டர்ல ஒரு சாதா 10 கே ரெசிஸ்டரை சொருகுங்க, போர்டு 25 டிகிரின்னு நம்பிக்கும். எரர் போயிட்டா கோளாறு சென்சார் பக்கம், போகலைன்னா போர்டு பக்கம். எரர் போனதும் ஏசி ஓடுதேன்னு அந்த ரெசிஸ்டரை அப்படியே விட்டுட்டுப் போற ஆளுங்களும் இருக்காங்க, அதுதான் இருக்கறதுலயே மோசமான வேலை. ரூம் சென்சார் எடத்துல அதை விட்டு 24ல வச்சா கம்ப்ரஸர் கட்டே ஆகாது, பைப் சென்சார் எடத்துல விட்டா காயில் ஐஸ் கட்டினாலும் போர்டுக்குத் தெரியாது. ரூம் சென்சார்னா பெரும்பாலும் பிளாஸ்டிக் இல்ல ரெசின் தலை, பைப் சென்சார்னா செம்புத் தலை, ரெண்டையும் மாத்தி சொருகிடாம கனெக்டர் பக்கத்துல ரூம், பைப்னு எழுதியிருக்கறதைப் பாத்து சொருகுங்க.