சங்கத்துல மெம்பர் ஆயாச்சு, அப்புறம்? பெண் லெக்சரர்களுக்கு

நம்ம பாடத்துறைக்குன்னு இருக்கற தொழில்முறை சங்கத்துல மெம்பர்ஷிப் மட்டும் வாங்கினா பயோடேட்டால ஒரு வரி கூட்டும், அவ்ளோதான். நான் ஒரு காலத்துல மூணு சங்கத்துக்கு சந்தா கட்டிட்டு இருந்தேன், நியூஸ்லெட்டர் வந்தா திறக்காமலே டெலிட் பண்ணுவேன், திங்கட்கிழமை காலைல க்ளாஸுக்குப் போகணுமேன்னு அதே சலிப்பு.

அதனால சேர்றதுக்கு முன்னாடி உங்களுக்கு என்ன குறையுதுன்னு பாத்துக்கோங்க. வேலை ஈடுபாட்டை ஷாஃபெலி, பேக்கர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர்கள் குழு மூணா பிரிச்சாங்க: தெம்பு, வேலை மேல பிடிப்பு, நேரம் போறதே தெரியாம மூழ்கிடறது. இதை அளக்க உட்ரெக்ட் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, 17 கேள்வி, 2006ல வந்த சுருக்கத்துல 9தான், உக்காந்த இடத்துல முடிச்சிடலாம். தெம்பே இல்லைன்னா, அதாவது பேப்பர் திருத்தித் திருத்தியே நொந்து போயிருந்தா, சங்கம் அதுக்கு மருந்து இல்ல, முதல்ல ஹெச்ஓடிகிட்ட லோடைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்க. ஆனா டிபார்ட்மெண்ட்ல உங்க ஏரியா பத்திப் பேச ஒரு ஆள்கூட இல்லாம பிடிப்பு விட்டுப் போயிருந்தா, அங்கதான் சங்கம் நிஜமாவே கைகொடுக்கும்.

ஒண்ணு போதும். மேத்ஸ்னா 1971ல ஆரம்பிச்ச அசோசியேஷன் ஃபார் விமன் இன் மேத்தமெடிக்ஸ், கம்ப்யூட்டர்னா ஏசிஎம்-டபிள்யூ (ஏசிஎம்ங்கற கம்ப்யூட்டர் சங்கத்தோட பெண்கள் பிரிவு), இன்ஜினியரிங்னா ஐட்ரிபிள்ஈங்கற இன்ஜினியர்கள் சங்கத்துல விமன் இன் இன்ஜினியரிங். எதுவா இருந்தாலும் போன வருஷம் என்ன மீட்டிங் நடத்துனாங்கன்னு பாத்துட்டு பணம் கட்டுங்க.

சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள ஒரு சின்ன பொறுப்பு கேட்டு வாங்கிடுங்க, இதுதான் முக்கியம், கேமராவை ஆஃப் பண்ணிட்டு வெபினார் ஓட விட்டா ஒண்ணும் ஒட்டாது. பேப்பர் ரிவ்யூ பண்றது, செஷன் சேர் பண்றது, புதுசா வந்த லெக்சரருக்கு மென்டரா இருக்கறது, இதெல்லாம் சரி. ஆனா "மேடம், உங்க கையெழுத்து அழகா இருக்கு, மினிட்ஸ் நீங்களே எழுதிடுங்க"ன்னு வருவாங்க பாருங்க, அங்க உஷாரு! மினிட்ஸ், சர்டிபிகேட் பிரிண்ட், பொக்கே வாங்கறதுன்னு காலேஜ்ல பாக்கற அதே கண்ணுக்குத் தெரியாத வேலை இங்கயும் நம்ம தலைலதான் விழும். "இந்தத் தடவை செஷன் எடுக்கறேன் சார், மினிட்ஸை சுழற்சில வெச்சுக்கலாம்"னு சிரிச்சுட்டே சொல்லிடுங்க. முதல் தடவை கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கும், எனக்கு குரலே நடுங்குச்சு.

ஆறு மாசம் கழிச்சு அதே 9 கேள்விக்கு திரும்ப பதில் எழுதிப் பாருங்க, பழைய தாளையும் பக்கத்துல வெச்சுக்கோங்க. ஒண்ணும் நகரலைன்னா ரினியூவல் மெயில் வரும்போது கட்டாம விட்டுடுங்க.