எடைக்கா, விலைக்கா?

அப்பா 2005இல் வாங்கிய மாருதி 800, கோபிச்செட்டிபாளையம் வீட்டு வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பதினைந்து ஆண்டு முடிந்தபோது எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டிப் பதிவை ஐந்து ஆண்டு நீட்டித்தோம். 2025இல் அதுவும் தீர்ந்தது.

“என்ஜின் கல்லுப் போல இருக்கிறதுங்க, விற்றுவிடலாம்” என்றார் பட்டறை அண்ணன். நானும் நம்பினேன். ஓட்டுநர் பக்கக் கால்மிதியைத் தூக்கித் திருப்புளியால் லேசாக அழுத்தினேன். தகட்டைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. ஓட்டை வழியே தரையில் உதிர்ந்த வேப்பம்பழங்கள் தெரிந்தன.

டிங்கரிங், நான்கு டயர், பேட்டரி எல்லாம் சேர்த்து 55,000 ரூபாய். அவ்வளவும் செய்தாலும் 45,000க்கு மேல் யாரும் கேட்கப்போவதில்லை.

தரகர் ஒருவர் இருக்கிறபடியே 30,000 தருவதாகச் சொன்னார்; பெயர் மாற்றம் மட்டும் ‘அப்புறம்’. அந்த அப்புறம்தான் உறுத்தியது. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லியிருக்கிறது. எழுபது வயதில் அப்பா நீதிமன்றம் ஏற வேண்டுமா?

பழைய இரும்புக் கடையில் 20,000 தருவார்கள். ஆனால் வண்டி துண்டு துண்டானாலும் காகிதத்தில் உயிரோடிருக்கும்.

அரசிடம் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்துக்கே 17,000க்குக் கொடுத்தோம். அவர்கள் தந்த சான்றிதழைக் காட்டிப் புது வண்டி வாங்கினால், சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகைக்கு மத்திய அரசின் விதியில் இடமிருக்கிறது. பதிவும் ரத்தானது.

இழுவை வண்டி வந்தபோது, டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சென்னிமலை முருகனை அப்பா பிளேடால் பெயர்த்தெடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.