ஹெரோகு செயலியை ரெடிஸ் கிளவுடுடன் இணைப்பது எப்படி?

செயலிகளை இணையத்தில் இயக்கித் தரும் தளமான ஹெரோகுவில், செயலி ஓடும் சூழல்களான டைனோக்கள் நாளுக்கு ஒரு முறையேனும் மறுதொடக்கம் செய்யப்படுவதால், அவற்றின் நினைவகத்தில் வைத்த தரவுகளும் உள்வட்டில் எழுதிய கோப்புகளும் அழிந்துவிடும். எனவே பயனரின் உள்நுழைவு விவரம் போன்றவற்றை வெளியில் உள்ள, வேகமாகத் தரவைத் தரும் ரெடிஸ் தரவுத்தளத்தில் வைப்பதே முறை. பைதான் செயலி ஒன்றைக் கொண்டு இதை விளக்குகிறேன்.

முதலில், ரெடிஸை இணையவழிச் சேவையாகத் தரும் ரெடிஸ் கிளவுட் தளத்தில் கணக்குத் தொடங்கி, ஒரு தரவுத்தளத்தை உருவாக்குங்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, நாம் சென்னையில் இருக்கிறோம் என்பதற்காக மும்பையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஹெரோகுவின் அமெரிக்க வட்டாரம் அமேசானின் வர்ஜீனியா மையத்தில் இயங்குகிறது. ஒரு பக்கத்தைக் காட்டுவதற்குள் செயலி பலமுறை ரெடிஸிடம் கேட்டுவரும் என்பதால், அவ்விரண்டும் அருகருகே இருப்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே வர்ஜீனியாவையே தேர்ந்தெடுங்கள்.

அடுத்து இணைப்பு முகவரியை அமையுங்கள். நெறிமுறை, பயனர்பெயர், கடவுச்சொல், சேவையகப் பெயர், போர்ட் எண் ஆகியவை இந்த வரிசையில் அதில் அமையும். பயனர்பெயர் பொதுவாக 'டிஃபால்ட்' என்றே இருக்கும். போர்ட் எண்ணை, ரெடிஸின் வழக்கமான எண்ணான 6379 என்று நினைவிலிருந்து எழுதாமல், தளம் காட்டும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளத்தில் டிஎல்எஸ் மறையாக்கத்தை இயக்கியிருந்தால், நெறிமுறையின் பெயர் இரண்டு 'எஸ்' எழுத்துகளுடன் முடிய வேண்டும். கடவுச்சொல்லில் 'அட்' குறி இருந்தால் அதற்குப் பதிலாகச் சதவீதக் குறியையும் 40 என்ற எண்ணையும் இடாவிட்டால், முகவரி தவறாகப் பிரிக்கப்படும்.

இந்த முகவரியை நிரலுக்குள் எழுதவே எழுதாதீர்கள். டைனோக்களின் ஐபி முகவரி நிலையானதன்று. ஆதலால் குறிப்பிட்ட ஐபிக்கு மட்டும் அனுமதி தருவது இங்கே எளிதன்று, கடவுச்சொல்லே முதன்மைக் காவல். அது, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியானால் தரவுத்தளம் எவருக்கும் திறந்துவிடும். ஹெரோகுவின் செட்டிங்ஸ் பக்கத்தில் கான்ஃபிக் வார்ஸ் (அமைப்பு மாறிகள்) பகுதிக்குச் சென்று, ரெடிஸ், யூஆர்எல் என்ற சொற்களை அடிக்கோட்டால் இணைத்த பெயரில் முகவரியைச் சேமியுங்கள். சேமித்தவுடன் செயலி தானாக மறுதொடக்கம் ஆகும்.

பின்னர், தேவைகள் கோப்பில் (requirements.txt) ரெடிஸ் நூலகத்தைச் சேர்த்து, செயலி தொடங்கும்போது அந்த மாறியைப் படித்து, மீண்டும் மீண்டும் பயன்படுத்தத் திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பை ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிய இணைப்பைத் திறந்தால் இணைப்பு வரம்பு விரைவில் தீர்ந்துவிடும். ரெடிஸ் கிளவுடின் இலவசத் திட்டம் 30 இணைப்புகளையே தருகிறது. இரண்டு டைனோக்களில் தலா நான்கு செயல்முறைகள் ஓடினால் மொத்தம் எட்டு தொகுப்புகள் உருவாகும். ஒவ்வொன்றின் உச்சவரம்பையும் மூன்று என வைத்தால் 24 இணைப்புகளோடு நிற்கும்.

இப்போது 'பிங்' கட்டளையை அனுப்பிப் பாருங்கள். 'பாங்' என்று பதில் வந்தால் இணைப்பு சரி. நேரம் கடந்தும் பதில் வரவில்லை என்றால் சேவையகப் பெயரையும் போர்ட் எண்ணையும், அங்கீகாரப் பிழை வந்தால் கடவுச்சொல்லையும் சரிபாருங்கள்.