லினக்ஸ் மெமரி: ஃப்ரீ குறைந்ததும் கை வைக்காதீர்கள்

போன வாரம் எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்தவர் பதறிப்போய் வந்தார். "அண்ணா, சர்வர்ல மெமரி தீர்ந்துபோச்சு, ரீஸ்டார்ட் பண்ணிடட்டுமா?" 16 ஜிபி மெஷின். மெமரிக் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கமாண்டை ஓட்டினால், ஃப்ரீ (சும்மா கிடப்பது) பத்தியில் 310 எம்பிதான். ஆனால் அதே வரியின் கடைசியில் அவெய்லபிள் (தேவைப்பட்டால் கொடுக்கக்கூடியது) 9.4 ஜிபி என்று இருந்தது. அதுவரை அவர் கண் போகவில்லை. ஒரு காலத்தில் என் கண்ணும் போனதில்லை.

கேஷை அடிக்கடி காலி செய்வது

டிஸ்கிலிருந்து ஒருமுறை படித்ததை லினக்ஸ் சும்மா கிடக்கும் ராமில் வைத்துக்கொள்ளும். இதுதான் கேஷ். மறுபடி கேட்டால் டிஸ்குக்குப் போகாமல் அங்கிருந்தே கொடுக்கும். வேறு புரோகிராமுக்கு இடம் வேண்டுமென்றால் விட்டுக்கொடுத்துவிடும். அதனால் நாள்கணக்கில் ஓடும் சர்வரில் ஃப்ரீ குறைவாகத்தான் இருக்கும்.

இது தெரியாமல், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடிய ஒரு சர்வரில், டிராப் கேஷஸ் ஃபைலில் 3 என்று எழுதும் (கேஷைக் காலி செய்யச் சொல்லும்) வரியை மணிக்கொரு முறை ஓடும்படி, நேரம் வைத்து வேலை ஓட்டும் கிரானில் போட்டேன். ஃப்ரீ ஏறியது, எனக்கும் நிம்மதி. அப்புறம் மணிக்கு மணி பத்து நிமிடம் எல்லாமே இழுத்தது. குவெரிகளைக் குடைந்தேன், இண்டெக்ஸ் சேர்த்தேன், நெட்வொர்க்கைச் சந்தேகப்பட்டேன். இரண்டு வாரம் போனது. கடைசியில் மெமரி, டிஸ்க் நடமாட்டத்தைக் காட்டும் விஎம்ஸ்டாட் கமாண்டை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மணி பதினொன்று ஆனதும் டிஸ்கிலிருந்து படிப்பதைக் காட்டும் பிஐ பத்தி எகிறியது. கிரான்டேபைத் திறந்தால் நான் எழுதிய அதே வரி. போஸ்ட்கிரெஸ் தனக்கென ராமில் ஒதுக்கிக்கொள்ளும் ஷேர்டு பஃபரோடு நிற்பதில்லை, இந்தக் கேஷையும் நம்பித்தான் ஓடுகிறது. நான் மணிக்கொரு முறை அதைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

அந்த வரியை இன்றும் 'வேகம் கூட்டும் வழி' என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. கேஷ் இல்லாத நிலையில் வேகத்தை அளந்து பார்க்க வேண்டுமா, சரி, செய்யுங்கள். ஓடும் சர்வரில் வேண்டவே வேண்டாம்.

ஃப்ரீயோடு கேஷைக் கூட்டுவது

பழைய பழக்கம். ராமிலேயே ஃபைல் வைக்கும் இடமான டெவ் எஸ்எச்எம்மில் கிடக்கும் ஃபைல்களும் கேஷ் கணக்கில்தான் வரும். அவற்றை அழிக்காமல், அல்லது ஸ்வாப்புக்கு (ராம் போதாதபோது டிஸ்கில் ஒதுக்கிய இடம்) தள்ளாமல், அந்த ராம் திரும்பாது. 2014இல் வந்த 3.14 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அவெய்லபிள் கணக்கைக் கெர்னலே தருகிறது. ஸ்வாப் பக்கம் போகாமல் புது புரோகிராமுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்ற மதிப்பீடு அது. அதைப் பாருங்கள்.

ஆர்எஸ்எஸ்ஸை எல்லாம் கூட்டுவது

ஆர்எஸ்எஸ் என்பது ஒரு புராசஸ் (ஓடும் புரோகிராம்) ராமில் பிடித்திருக்கும் அளவு. பத்து புராசஸ் பகிரும் மெமரித் துண்டு பத்து முறை எண்ணப்படும். பகிர்ந்ததைப் பங்கிட்டுக் கணக்கிடும் பிஎஸ்எஸ் பாருங்கள்.

ஸ்வாப்பைக் கண்டு பயப்படுவது

ஸ்வாப்பில் கொஞ்சம் இருந்தாலும், விஎம்ஸ்டாட்டில் ஸ்வாப்பிலிருந்து வருவதையும் அங்கே போவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ தொடர்ந்து 0 என்றால் விட்டுவிடுங்கள்.

கன்டெய்னருக்குள் ஃப்ரீயை நம்புவது

கன்டெய்னர் என்பது ஒரே மெஷினுக்குள் தனியாகப் பிரித்து ஓட்டும் அடைப்பு. உள்ளே ஃப்ரீ காட்டுவது பெரும்பாலும் ஹோஸ்டின் (அதை ஓட்டும் மெஷினின்) கணக்கு. கன்டெய்னருக்குக் கெர்னல் வைக்கும் வரம்பான சிகுரூப் லிமிட்டைப் பாருங்கள்.