ஒன்ராறியோக் குளிரில் மோட்டர்ஹோமை வெளியில் விடுவதற்கு முன்

கனடாவுக்கு வந்து ஒன்றிரண்டு கோடை கழிந்ததும் பலருக்கும் ஆர்.வி. (படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள பயண வண்டி) ஆசை வந்துவிடும். பிள்ளைகளோடு அல்கொன்குயின் பூங்காப் பக்கம் போய், சமையலையும் வண்டிக்குள்ளேயே முடித்துக்கொள்ளலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? ஒக்டோபர் வந்ததும் பனிக்காலம் முழுக்க இதை எங்கே, எப்படி விடுவது என்ற கேள்வி வரும்.

வீட்டு டிரைவ்வேயில் விட்டுவிடலாம் என்று முடிவெடுக்க முதல் நகரசபையிடம் கேளுங்கள். இவ்வளவு பெரிய வண்டியை மாதக்கணக்கில் வீட்டு முன் நிறுத்தப் பல நகரங்கள் விடுவதில்லை. ரொறொன்ரோ, பிறம்ரன், மிசிசாகா என்றால் 311க்கு அழைத்தால் போதும். இல்லாவிட்டால் நகருக்கு வெளியே வாடகைக்கு இடம் கொடுக்கும் யார்டுகள் இருக்கின்றன. நடுப் பனிக்காலத்தில் உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா என்பதைக் கேட்டுவிட்டுக் காசைக் கட்டுங்கள்.

வண்டியை உண்மையில் நாசமாக்குவது உள்ளே மிஞ்சிக் கிடக்கும் தண்ணீர்தான். உறையும்போது தண்ணீர் ஏறத்தாழ 9 வீதம் பெருக்கும். பம்ப், குழாய் மூட்டுகள், வெந்நீர்த் தொட்டி எல்லாம் அந்த அழுத்தத்தில் வெடித்துவிடும். வெடித்தது அப்போது தெரியாது; வசந்தத்தில் தண்ணீர் விட்டதும் தரைக்குக் கீழே ஒழுகத் தொடங்கும். உறைந்து வரும் சேதத்தைக் காப்புறுதியும் பெரும்பாலும் ஏற்காது. அதனால் ஒரு முழு நாளை இதற்கே ஒதுக்குங்கள்.

கழிவுத் தொட்டிகளை முதலில் காலியாக்குங்கள். பூங்காக்கள் பருவம் முடிந்து மூடும்போது அங்குள்ள கழிவு வெளியேற்றும் இடங்களும் மூடப்படும். கடைசிப் பயணத்திலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள். பிறகு நல்ல தண்ணீர்த் தொட்டியையும் வண்டிக்கு அடியில் இருக்கும் வடிகால்களையும் திறந்துவிடுங்கள். வெந்நீர்த் தொட்டியை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே அதன் அடைப்பைக் கழற்றலாம். சூட்டோடு கழற்றினால் கொதிநீர் மேலே பாயும்.

அடுத்தது குழாய்கள் உறையாமல் காக்கும் திரவமான ஆர்.வி. அன்ரிஃபிறீஸ். கனேடியன் ரயர் போன்ற கடைகளில் பெரிய கலன்களில் கிடைக்கும், இளஞ்சிவப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். கார் எஞ்சினுக்கு ஊற்றுவதும் சில வேளை அதே நிறத்தில் வரும். அதில் உள்ள எதிலீன் கிளைக்கோல் நஞ்சு. குடிநீர்க் குழாய்களுக்கானது, புரொப்பிலீன் கிளைக்கோல் என்று லேபலில் இருக்க வேண்டும். ஊற்ற முதல், திரவம் வெந்நீர்த் தொட்டிக்குள் போகாமல் தடுக்கும் பைபாஸ் வால்வைத் திருப்பிவிடுங்கள். மறந்தால் 20 லீற்றருக்கு மேல் வீணாக அதற்குள் போய்விடும். பம்ப் கலனிலிருந்து இழுக்கட்டும். ஒவ்வொரு பைப்பிலும் சூடு, குளிர் இரண்டையும் தனித்தனியாகத் திறந்து, இளஞ்சிவப்பு வரும்வரை விடுங்கள். கழிவறை, ஷவர், அப்புறம் வண்டிக்கு வெளியே இருக்கும் ஷவர்: கடைசியானதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். சிங்க், ஷவர் வடிகால்களுக்குள்ளும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். சார்ஜ் இறங்கிய ஈயப் பற்றரி சாதாரண ஒன்ராறியோக் குளிரிலேயே உறைந்து வெடிக்கும். முழுச் சார்ஜில் இருப்பது கடும் குளிரையும் தாங்கும். லித்தியம் என்றால் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.

எலிகள் குளிருக்கு ஒதுங்க இடம் தேடி வரும். எங்கள் ஆட்களின் வண்டியில் அரிசி, பருப்பு, மாப் பைகள் மூலைக்கு மூலை இருக்கும். ஒரு அரிசி மணிகூட விடாமல் எடுத்துவிட்டு, குழாயும் வயரும் நுழையும் ஓட்டைகளைக் கம்பிநாரால் அடையுங்கள். குளிர்சாதனப்பெட்டியின் கதவைச் சற்றுத் திறந்தே விடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். புரொப்பேன் வால்வைப் பூட்டுங்கள். எரிபொருள் தொட்டியை நிரப்பி, பெற்றோல் என்றால் அது கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் ஊற்றி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.

நீலத் தார்ப்பாய் வேண்டாம். காற்றில் அடித்தடித்துப் பெயின்றை உரசிவிடும், ஈரத்தையும் உள்ளே பூட்டிவைக்கும். ஈரம் வெளியேற விடும் ஆர்.வி. உறை விலை கூடத்தான், ஆனாலும் அதையே வாங்குங்கள். பெரிய பனி கொட்டிய பிறகு ஒருமுறை போய்ப் பாருங்கள். ஈரப் பனிக்கு நிறை அதிகம். ஏணியில் நின்று மென்மையான பனித் தூரிகையால் தள்ளுங்கள், இரும்புச் சவள் கூரையின் ரப்பரைக் கிழிக்கும்.

ஏப்ரலில் ஒரு வெயில் நாளைக் கண்டதும் தண்ணீர் நிரப்ப அவசரப்படாதீர்கள். இரவுக் குளிர் பூச்சியத்துக்குக் கீழே போவது நின்ற பிறகு, மே நடுப்பகுதியில், எல்லாப் பைப்பிலும் தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசிவிட்டுப் பாவியுங்கள்.